இவெத் கில்பேர் அம்மையார்

ஓவியர் துலூஸ்-லோத்ரெக் 1893-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துக் கேளிக்கை மன்றம் ஒன்றிற்காக வரைந்த விளம்பரப் படத்தை நம் மாணவருட் சிலரேனும் ஓவிய நூல்களிற் கண்டிருப்பர். படத்தின் முற்பகுதியில் கருநிற உடையணிந்த மாது ஒருத்தி அமர்ந்து ஆட்டம் காண்கின்றாள். அப்பால் மேடையின்மேல் மற்றொருத்தி நின்று பாடுகின்றாள். ஆயின் அவள் தலை படத்தின் மேல்விளிம்பிற்கு அப்பாற் சென்று மறைந்துவிட்டது. காணப்படுவன மெலிந்த உடலும், முழங்கைக்கு மேலும் நீண்ட கறுப்புக் கையுறைகளும் மட்டுமே. முகம் இல்லாவிடினும் அவள் யாரென்று பாரிஸ் மக்கள் எவரையும் வினவ வேண்டியிருந்ததில்லை. கையுறைகளே பெயரைச் சொல்லின. அங்ஙனம் அறியப்பெற்றவரே இவெத் கில்பேர் அம்மையார். அக்கையுறைகள் அவர்க்கு எவ்வாறு வாய்த்தன, பின்னர் அவற்றை ஏன் களைந்தார், களைந்தபின் பாடிய பாட்டுக்களுள் இசைத்தட்டுகளில் எஞ்சி நிற்பன எத்தன்மையன என்பவற்றை ஒருவாறு எழுதப் புகுகின்றேன்.

அம்மையார் 1865-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எம்மா என்பது. தந்தையார் வாணிகத்தில் நிலைபெறாதவர். தாயார் தையல் வேலையால் வயிறு வளர்த்தவர். இளமையிலேயே வறுமையின் சுவையை நன்கறிந்த அப்பெண், பதினாறாம் வயதளவில் பிரேந்தான் என்னும் பேரங்காடியில், விற்பனைக்குள்ள உடைகளைத் தாம் உடுத்திக் காட்டும் வேலையில் அமர்ந்தார். நெடிதுயர்ந்த மேனியும் செந்நிறக் கூந்தலும் உடையவராதலின் அவ்வேலை கிடைத்தது. பிற்காலத்தில் மூலேன் ரூஜ் என்னும் கேளிக்கை மன்றத்தை நிறுவியோருள் ஒருவரான ஷார்ல் ஸிட்லேர் என்பார் அவரைக் கண்டு, மேடைக்கு உரியவர் என்று ஊக்கினார். அதன்பின் நடிப்பும் சொல்லை உச்சரிக்கும் முறையும் பயின்று, சிறு நாடகசாலைகளிற் சிறு வேடங்கள் தாங்கினார். பாடகியாக மாறியது அவ்வேடங்கள் உணவிற்குப் போதாமையாலேயே. கலையார்வம் பசியின் பின்னரே வந்தது என்பதை அம்மையார் தம் நூல்களில் மறைக்கவில்லை. அந்நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

அக்காலத்துப் பாரிஸில் மக்கள் மதுவும் காப்பியும் அருந்திக்கொண்டே பாட்டுக் கேட்கும் மன்றங்கள் மலிந்திருந்தன. அங்குப் பாடும் மாதர் பெரும்பாலும் பருத்த உடலும் மிக்க நகையும் உடையராய், உரத்த குரலிற் கையையும் காலையும் வீசிப் பாடுவர். மெலிந்து நீண்ட கழுத்தும் கூரிய மூக்கும் கொண்டு, அசையாது நின்று பாடும் இப்பெண்ணை அவர்கள் எங்ஙனம் ஏற்பர்? 1889-ஆம் ஆண்டில் எல்தொராதோ மன்றத்திற் பாடியபோது பெரும்புகழ் எய்தவில்லை. லியோன் நகரில் ஏளனமே கிடைத்தது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் எல்தொராதோவில் அவர் பாடலைக் கேட்டவருள் வியன்னாவினின்று வந்திருந்த இளமருத்துவர் ஒருவரும் இருந்தார். சிக்மண்டு பிராய்டு என்னும் அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

திருப்பம் ஒரு பாட்டுப் புத்தகத்தால் வந்தது. ஸேன் ஆற்றங்கரையிற் பழைய புத்தகம் விற்போர் கடைகளில் க்ஸான்ரோஃப் என்பார் இயற்றிய பாட்டுக்களின் தொகுதி ஒன்று அம்மையார் கைப்பட்டது. இவ்விந்தைப் பெயருடையார் உண்மையில் ஒரு வழக்கறிஞர். தம் குடிப்பெயர் அடுப்பு எனப் பொருள்படுவதாதலின், அப்பொருளுடைய ஃபோர்னாக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லைத் தலைகீழாக எழுதிப் புனைபெயராக்கிக் கொண்டவர். அவர் பாட்டுக்களுட் புகழ்மிக்கது லெ ஃபியாக்ர், அஃதாவது வாடகைக் குதிரைவண்டி. திரையிட்ட வண்டியினுள் ஒரு மங்கை தன் கள்ளக் காதலனோடு செல்ல, தெருவில் நடந்துவரும் கணவன் அவள் குரலை அறிந்து ஓடிவந்து, ஈரத்தில் வழுக்கி அவ்வண்டியின் கீழேயே விழுந்து மாய்கின்றான். கதை கொடியது. பாட்டின் நடையோ குதிரையின் துள்ளல் நடை. கல்லூரி மலரில் இத்தகையதைக் குறிப்பது தகுமோ என்று சிறிது தயங்கினேன். ஆயின் இதனை விட்டுவிட்டால் அம்மையார் துறந்தது இன்னதென விளங்காது.

இப்பாட்டை அவர் பாடிய முறையே புதுமை. கண்ணடித்தல் இல்லை, சிரிப்பில்லை. ஒன்றும் அறியாச் சிறுமியின் முகத்தோடு, ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையிலுள்ளார்க்கும் தெளிவாகக் கேட்கும்படி, பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் சொல்லி முடிப்பார். பொருளின் நஞ்சை உணர்ந்துகொள்வது கேட்போர் கடமையாயிற்று. பாடகி என்று கூறாமல், சொல்பவள் எனப் பொருள்படும் தீசெஸ் என்னும் பெயரால் பிரெஞ்சுக்காரர் அவரை அழைத்ததன் காரணம் இதுவே. பச்சை நிறத்தில் அணியொன்றும் இல்லாத உடை. அதற்குமேல் அக்கறுப்புக் கையுறைகள். அவை அலங்காரக் கருத்தால் எழுந்தவை என்று பலர் எண்ணினர். வெள்ளைக் கையுறை விரைவில் அழுக்கேறும், கறுப்போ நெடுநாள் உழைக்கும் என்ற ஏழைக் கணக்கே அவற்றின் பிறப்பிடம் என்பது அம்மையார் கூற்று.

1890-க்குப் பின் மூலேன் ரூஜிலும் திவான் ஜப்போனேயிலும் பிற மன்றங்களிலும் அவர் புகழ் ஓங்கியது. 1894-இல் லோத்ரெக் அவரைப் பதினாறு கல்லச்சுப் படங்களாக வரைந்து, குஸ்தாவ் ஜெஃப்ருவா எழுதிய உரையோடு நூறு படிகள் வெளியிட்டார். அப்படங்களில் அம்மையார் அழகியல்லர்; வளைந்த மூக்கும் கோணிய வாயும் உடைய விந்தை உருவம். முன்னர் ஒரு விளம்பரப் படத்தைத் தம்மை அத்துணை அருவருப்பாகக் காட்டவேண்டா என்று மறுத்தவர், இத்தொகுதியிலோ மனம்மாறித் தம் கையொப்பத்தையே இட்டார். அவ்வாண்டில் இலண்டனிற் பாடினார். இசை விமர்சகராயிருந்த பெர்னார்ட் ஷா அவரைப் பற்றி உயர்வாக எழுதினார். 1895-இன் இறுதியில் அமெரிக்கா சென்று நியூயார்க்கிற் பெரும்பொருள் ஈட்டினார். அங்கு அறிமுகமான மாக்ஸ் ஷில்லர் என்பாரை 1897-இல் மணந்தார். அவர் இறுதிவரை துணையாகவும் காரியஸ்தராகவும் அம்மையாருடன் வாழ்ந்தார்.

இந்நிலையில், நூற்றாண்டு முடியும் தறுவாயில், சிறுநீரக நோய் அவரைப் பற்றியது. ஒன்றன்பின் ஒன்றாக அறுவைச் சிகிச்சைகள் நிகழ்ந்தன, நெடுங்காலம் படுக்கையிலிருந்தார். முப்பத்தைந்து வயதளவில் மேடை வாழ்வு முடிந்தது என்றே பலர் கருதினர். படுக்கையிற் கிடந்தவர், தாம் ஈட்டிய புகழ் எத்தன்மையது என்று எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். எழுந்தபோது அவர் கையில் இருந்தவை பழம்பாட்டு நூல்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை பிரெஞ்சு மொழியில் தோன்றிய தெய்வப் பாட்டுக்கள், கதைப் பாட்டுக்கள், நாட்டுப்புறப் பெண்டிர் பாட்டுக்கள், அரண்மனைப் பாட்டுக்கள் ஆகியவற்றை நூல் நிலையங்களில் தேடியும், விலைக்கு வாங்கியும், அறிஞரை வினவியும் திரட்டலானார். பச்சை உடையும் கறுப்புக் கையுறையும் பெட்டியுள் சென்றன. அந்தந்தக் காலத்துக்குரிய உடையில் மேடைமீது தோன்றினார்.

பெத்லகேம் பயணம் என்னும் பழைய பாட்டு ஒன்று அவர் நிகழ்ச்சிகளில் இடம்பெற்றது. சூசையப்பரும் மரியம்மையும் இரவில் இடந்தேடி விடுதிதோறும் அலைந்து மறுக்கப்படுவதே அதன் பொருள். களைத்த முதியவர், நோவுற்ற இளந்தாய், கடுஞ்சொல் விடுதிக்காரன் ஆகிய எல்லாரும் அம்மையார் ஒருவரே. ஆண்டவர் பாடுகளைப் பற்றிய பாட்டையும் அவ்வாறே பாடினார். வண்டியினுள் முத்தமிடும் மங்கையைப் பாடிய அதே வாயால் இவற்றைப் பாடுவது தகுமோ என்று முகஞ்சுளித்தோரும் உளர். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. ஆயின் அவர்கள் செவிகொடுத்துக் கேட்டனரோ என்பது ஐயமே.

பாரிஸ் மக்கள் எளிதில் விட்டாரல்லர். பழைய பாட்டுக்கள் நடுவே மன்றத்தினின்று லெ ஃபியாக்ர் வேண்டுமென்ற குரல்கள் எழும். அவர் வருவாயும் முன்போல் இல்லை. மூன்று நிமிஷப் பாட்டிற்குப் பொன் கொடுத்தவர்கள், முந்நூறாண்டுப் பாட்டிற்குக் காசு கொடுக்கத் தயங்கினர். செவிசாய்த்தவர் பெரும்பாலும் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய அயல்நாடுகளில் இருந்தனர். தம் நாட்டுப் பழஞ்செல்வத்தைத் தம் நாட்டார்க்கு உணர்த்த அவர் பிறநாடுகளைச் சுற்றிவர வேண்டியதாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில், 1915-இல் நியூயார்க் சென்று ஏழாண்டுகள் தங்கினார். அங்கு இளம்பெண்கட்கு மேடைக்கலை பயிற்றும் பள்ளி ஒன்று நடத்தினார். 1918-இல் பாட்டுப் பாடும் முறைபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் அவர்தம் முகக்குறிப்புக்களின் புகைப்படங்கள் உள்ளன. சினம், நாணம், அச்சம், வஞ்சகம், வெள்ளையுள்ளம் என ஒரே முகம் பல முகமாவதை அவற்றிற் காணலாம். 1919-இல் குயிபூர் என்னும் பதினான்காம் நூற்றாண்டுத் தெய்வ நாடகத்தை அந்நகரில் மேடையேற்றி, அதன் தலைமை வேடத்தையும் தாமே தாங்கினார்.

இனி இசைத்தட்டுகளைக் கூறுவேன். அம்மையார் குரல் முதன்முதல் மெழுகு உருளைகளிற் பதிவானது 1897-ஐ ஒட்டியாம். 1907-இல் பாரிஸில் கிராமபோன் கம்பெனிக்காகத் தட்டுகளிற் பாடினார். இறுதிப் பதிவுகள் 1934-ஐச் சார்ந்தவை. ஆகவே முப்பத்தேழு ஆண்டு வாழ்வு ஒலிவடிவில் நம்முன் உள்ளது. இருப்பினும் அம்மையார் வரலாற்றை எழுதுவோர் லோத்ரெக்கின் படங்களை விரித்துரைத்து இத்தட்டுகளை ஒரு வரியிற் கடந்து செல்கின்றனர்.

தொடக்ககால ஒலிப்பதிவில் மின்சாரமோ ஒலிவாங்கியோ இல்லை. பாடுவோர் பெரியதொரு கூம்புக் குழலின் வாயருகே நின்று பாடவேண்டும். குரலின் அதிர்வு குழலின் மறுமுனையிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடிணைந்த ஊசி மெழுகிற் கோடு கீறும். மெல்லப் பாடினால் ஊசி அசையாது. திடீரென உரத்துப் பாடினால் கோடு சிதையும். எனவே ஒரே அளவான உரத்த குரல் வேண்டும். உருளையிற் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிஷம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு. இவ்வளவு போதுமாவென்று அம்மையார் கலையை நோக்கிப் பாருங்கள். முணுமுணுப்பும், பெருமூச்சும், இரு சொற்களிடையே விடும் மௌனமும், புருவத்தின் சிறு அசைவுமே அவர் கருவிகள். மௌனத்தைக் கூம்புக் குழல் வாங்காது. புருவத்தை வாங்கும் ஊசி இன்னும் பிறக்கவில்லை. இருபது பத்திகளில் விரியும் பழங்கதைப் பாட்டை நான்கு நிமிஷத்தில் அடக்கப் புகின், விரைந்தோட வேண்டும் அல்லது உறுப்பறுக்க வேண்டும். இளமைக் குரல் இருந்த காலத்தில் அதனை வாங்கும் பொறி செவிடாயிருந்தது எனலாம்.

1925-ஐ ஒட்டி ஒலிவாங்கி வந்தது. முணுமுணுப்பையும் அது பற்றிக்கொண்டது. ஆனால் அப்போது அம்மையார்க்கு அறுபது வயது. குரலின் மேல்தாயி தேய்ந்துவிட்டது. நீண்ட சுரம் நடுங்குகின்றது. சங்கீதப் பயிற்சியுடைய நண்பர் ஒருவர், முதுமையில் எடுத்த இப்பதிவுகளைக் கேட்டு, இவற்றைக் காத்து வைத்தது இரக்கத்தால் அன்றோ என்றார். யான் அவ்வாறு கருதவில்லை. தேய்ந்தது சுரமே; சொல் அன்று. அம்மையாரின் இரண்டாம் கலை சொல்லில் வாழ்ந்தது. பொறியும் கலையும் ஒன்றையொன்று சந்தித்த காலம், காலங்கடந்த அந்தச் சில ஆண்டுகளே. அவற்றுட் பிற்பகுதியில் அவர்க்குப் பியானோ வாசித்தவர் இரேன் அயித்தோஃப் என்னும் இளம்பெண். 1932 முதல் 1939 வரை அவருடன் இருந்து, பின்னாளிற் பெரும் பாடகர்க்குப் பயிற்சியளிப்பவராக விளங்கியவர்.

எடுத்துக்காட்டாக, ழான் ரிஷ்பேன் என்னும் கவிஞர் இயற்றிய லா க்ளூவின் பாட்டைக் கொள்வோம். ஓர் ஏழை இளைஞன் தன்னை விரும்பாத ஒருத்தியை விரும்புகின்றான். தன் நாய்க்கு உணவாக உன் தாயின் இருதயத்தைக் கொண்டுவா என்கின்றாள் அவள். அவன் தாயைக் கொன்று, இருதயத்தை ஏந்தி ஓடுகையில் இடறி விழுகின்றான். தரையில் உருண்ட அவ்விருதயம், மகனே அடிபட்டதா என்று அழுது கேட்கின்றது. இவ்வளவே கதை. ஒவ்வோர் அடியின் இடையிலும் பொருளற்ற சொற்களாலான பல்லவி வருகின்றது. அம்மையார் பாடலின் நுட்பமெல்லாம் இப்பல்லவியில் உள்ளது. தொடக்கத்தில் அது தெருப்பாட்டின் விளையாட்டு, கொலையின்போது மூச்சிரைப்பு, இறுதியில் ஏறக்குறைய அழுகை. சொல் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. இருதயம் பேசும் இடத்திற் குரலை உயர்த்தாது தாழ்த்துகின்றார். கூம்புக் குழலின்முன் நின்று இதனைச் செய்திருத்தல் அரிது.

மற்றொன்று, கணவன் என்னை ஏன் அடிக்கின்றான் என்று முறையிடும் ஒரு பெண்ணின் பாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டினது. தான் செய்த குற்றம் ஒன்றுமில்லை, தோழனோடு தனித்திருந்தது மட்டுமே என்று அவள் கூறுகின்றாள். இதனைக் கேட்கும்போது ஓர் உண்மை புலப்படும். அம்மையார் தம் பழைய கலையை முற்றும் துறந்துவிட்டதாகக் கூறிவந்தார்; அவ்வாறே நம்பியும் இருத்தல் கூடும். ஆயினும் இப்பாட்டிற் கேட்பது லெ ஃபியாக்ரின் அதே வெள்ளைமுகம், அதே அறியாக் குரல். எழுநூறாண்டுக்கு முந்தைய பெண்ணும் மோன்மார்த்தர் குன்றத்து மங்கையும் ஒருத்தியேயாய் நிற்கின்றனர். புதியதெனத் தாம் தேடிக் கண்ட உலகினுள் பழைய பாரிஸ் முன்னரே குடியிருந்ததை அவர் உணர்ந்தாரோ, அறியேன்.

குறையும் கூறல்வேண்டும். பழம்பாட்டுக்குப் பியானோ இசையைச் சேர்த்தது அக்கால வழக்கே. குஸ்தாவ் ஃபெராரி முதலியோர் அவருக்காக அமைத்த துணையிசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாசனை வீசுவது. பழைய இசையை அதன் பழைய கருவிகளோடு ஆராய்ந்து பாடும் இன்றைய முறைக்கு அது பொருந்தாது. அம்மையார் ஆராய்ச்சியாளர் அல்லர். தமக்கு நாடகம் காணப்பட்ட பாட்டை எடுத்தார், காணப்படாததை விட்டார்.

பிற்காலத்தில் திரைப்படங்களிலும் தோன்றினார். 1926-இல் முர்னோ இயக்கிய ஃபௌஸ்டு என்னும் ஊமைப்படத்தில் மார்த்தா என்னும் பாத்திரம் அவருடையது. சொல்லாற் புகழ்பெற்றவர் சொல்லின்றி நடித்தது வேடிக்கையே. 1932-இல் அரசாங்கம் அவர்க்கு லெஜியோன் தொனேர் விருது வழங்கியது. பிராய்டும் அம்மையாரும் முதுமையில் நண்பராயினர். கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. எல்தொராதோவிற் கேட்டவர் ஐம்பதாண்டுகட்குப் பின்னும் அவர் புகைப்படத்தைத் தம் அறையில் வைத்திருந்தார். பல வேறு மாந்தராக மாறும் வன்மை அம்மையார்க்கு எங்கிருந்து வந்தது என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபட்டது. தம்மை மறப்பதனாலே என்றார் அம்மையார். மறவாமையாலே, உள்ளே அடக்கி வைத்த வாழ்வுகளே வெளிவருகின்றன என்பது பிராய்டின் கொள்கை.

1934-இல், அறுபத்தொன்பது வயதில், அவர் லெ ஃபியாக்ரை மீண்டும் இசைத்தட்டிற் பாடினார். மன்றத்தினர் கூவிக் கேட்டபோதெல்லாம் மறுக்க முயன்ற பாட்டு. பொருள்முடையோ, பழைய பாட்டின்மேல் மீண்டும் எழுந்த அன்போ, இரண்டுமோ காரணம் ஆகலாம். சினத்தின் சுவடு அத்தட்டில் இல்லை. வண்டி துள்ளிச் செல்கின்றது. கிழவியார் குரலிற் சிறுமியின் முகம் தெரிகின்றது.

1940-இல் ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றினர். ஷில்லர் யூத மரபினராதலின் அந்நகரில் இருத்தல் இயலாதாயிற்று. இருவரும் தெற்கே ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் ஒதுங்கி வாழ்ந்தனர். 1942 நவம்பரில் ஜெர்மன் படைகள் தென்பகுதியிலும் புகுந்தன. நோயும் பொருள்முடையும் அச்சமும் சூழ, 1944 பிப்ரவரித் தொடக்கத்தில், எழுபத்தொன்பது வயதில் அம்மையார் அந்நகரிற் காலமானார். பாரிஸ் விடுதலை பெற்றது அதற்கு ஆறு திங்கட்குப் பின். அவர் கல்லறை இன்று பாரிஸ் பெர் லாஷேஸ் இடுகாட்டில் உள்ளது.

அவர் பாடிய உருளைகளும் தட்டுகளும் திரட்டப்பெற்று, 1897 முதல் 1934 வரையுள்ள பதிவுகளிற் பெரும்பகுதி மறுபதிப்பாகியுள்ளன. பிரெஞ்சு பயிலும் நம் மாணவர் அவற்றைக் கேட்க விரும்பின், பாட்டின் சொற்களை முன்னே வைத்துக்கொண்டு லா க்ளூவை முதலிற் கேட்பாராக. லெ ஃபியாக்ர் யாரும் சொல்லாமலே வந்து சேரும்.